சேட்டைப் பிள்ளைக்கு எந்த டானிக்? மருந்துக் கடைக் கவுண்டரிலிருந்து ஓர் அம்மா

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஒரு சின்ன மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். டி.பார்ம் படித்தவள். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். பிள்ளைகள் இரண்டு, இளையவன் நாலாம் வகுப்பு. அவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமையும் அடங்காத துறுதுறுப்பும் வருகிற கோளாறு, என்று முறையாகப் பார்த்துச் சொல்லி, மாத்திரையும் பயிற்சியும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் விற்கிற பக்கமும் தெரியும், வாங்குகிற பக்கமும் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் ஏடிஎச்டி என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "அக்கா, பையன் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான், டீச்சர் தினம் கூப்பிட்டு விடுறாங்க, புத்திக்கு நல்லதா ஒரு டானிக் குடுங்க" என்பார்கள். அலமாரியில் அதற்கென்றே வரிசையாக இருக்கின்றன: மீன் எண்ணெய் மாத்திரை, ஜிங்க் சிரப், வல்லாரைப் பொடி, மூளைப் படம் போட்ட சத்துமாவு டப்பா. எடுத்துக் கொடுத்தால் எங்களுக்கு வியாபாரம். ஆனாலும் எடுப்பதற்கு முன் கொஞ்சம் பேசுவேன். பின்னால் நிற்கிறவர் காய்ச்சல் மாத்திரைக்கு அவசரப்படுவார், பேச்சு பாதியில் நிற்கும். முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏடிஎச்டியைப் போக்கும் சாப்பாடு கிடையாது, டானிக்கும் கிடையாது. சாப்பாட்டால் வந்த கோளாறும் இல்லை அது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்று வருகிறது. "இவங்க அப்பனும் சின்னதுல இப்படித்தான்" என்று பாட்டிகள் சொல்வது ரொம்பச் சரி. "அதனால தானா சரியாயிடும்" என்று கூடவே சேர்ப்பதுதான் இடிக்கிறது.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ரத்தசோகை உள்ள பிள்ளை, காலையில் வெறும் டீயோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை, ராத்திரி பன்னிரண்டு மணி வரை போன் பார்க்கிற பிள்ளை, இவர்களுக்கு ஏடிஎச்டி இல்லாவிட்டாலும் கவனம் நிற்காது. இருந்தால் இன்னும் மோசம். அந்தக் குறைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். பெரும்பாலும் டப்பாவை விட மலிவாகவே முடியும்.

டப்பா வாங்குவதற்கு முன்

துறுதுறுவென்று இருக்கிற பிள்ளை எல்லாம் ஏடிஎச்டி ஆகாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம், பள்ளியில் சாது என்றால் காரணம் வேறாக இருக்கலாம். இன்னொரு வகை, சேட்டையே பண்ணாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெண் பிள்ளைகளில் இது நிறைய. "மந்தம்" என்று சொல்லிவிட்டுவிடுவார்கள்.

எங்கே காட்டுவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் சொன்னால் அங்கே எழுதிக் கொடுப்பார்கள். யாரிடம் தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். போகும்போது வகுப்பு டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பதே அதுதான்.

அங்கேயே காது, கண் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், பாதி காதில் விழாத பிள்ளையும் கவனிக்காத பிள்ளை மாதிரியே இருக்கும். ராத்திரி குறட்டை, வாயைத் திறந்து தூங்குவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து தூக்கம் கெட்டிருந்தால் பகலில் அது சேட்டையாக வெளியே வரும்.

அடுத்து ரத்தம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்ற சோதனையையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது அது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம். 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே போனால் ரத்தசோகை, ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்புக் குறை. இது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள், அப்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஏடிஎச்டி பிள்ளைகளில் பலருக்கு இந்த அளவு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பல்பம், மண், சாம்பல் தின்கிற பழக்கம் இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

குறை இருந்தால் இரும்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். "சும்மா சத்துக்குத்தானே" என்று இரும்பு சிரப் கேட்டால் கொடுக்க மாட்டேன். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் ரோஸ் நிற மாத்திரையே இரும்புதான். அதோடு வீட்டிலும் ஊற்றினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளை பாட்டிலோடு குடித்துவிட்டால் விஷம், உயிரே போகலாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். டீ, பால் குடித்து ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், இரும்பு உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. பாட்டிலை உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

வயிற்றில் பூச்சி இருப்பதால்தான் சேட்டை என்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பூச்சி இருந்தால் ரத்தசோகை வரும், ராத்திரி அரிப்பில் தூக்கம் கெடும், அந்த அளவுக்கு உண்மை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். மாதா மாதம் வாங்கிப் போடுவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

இனிச் சொல்லப்போவதை எங்கள் ஊரில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. நானாகத்தான் கேட்பேன்: வீட்டில் வலை இருக்கிறதா? வலையில் கட்டுகிற ஈயக்குண்டு எங்கே கிடக்கிறது? ஈயம் மூளையைப் பாதிக்கிறது, பிள்ளைகளின் கவனத்தையும் படிப்பையும் குறைக்கிறது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்கிற அளவே ஈயத்துக்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வலைக் குவியலில் படுத்துப் புரள்கிறார்கள், குண்டை உருட்டி விளையாடுகிறார்கள், வாயில் போடுகிறார்கள். தூண்டில் கட்டும்போது பெரியவர்களே ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிப்பதைப் பார்த்து அதையும் பழகிக்கொள்கிறார்கள். சில வீடுகளில் பழைய ஈயத்தைக் கொல்லையில் உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். அந்தப் புகையும் சாம்பலும் வீட்டுக்குள்தான் வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழைய பெயின்டைச் சுரண்டுவார்கள், பள்ளிக்கும் அப்போதுதான் லீவு, பிள்ளைகள் எல்லாம் அந்தத் தூளுக்குள்ளேயே கிடக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் எவ்வளவு இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. ஈயம் உருக்குவது வீட்டுப் பக்கமே வேண்டாம். குண்டுகளை மூடி போட்ட டின்னில் போட்டு வையுங்கள். வலை வேலை முடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும், பிள்ளைக்கும் அதே விதி. பெயின்ட் சுரண்டிய சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, வீட்டுக்காரருக்கு நான் போட்ட சட்டம் இது. இரும்பும் கால்சியமும் குறைவாக உள்ள உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதனால் மேலே சொன்ன ரத்தசோகையும் இதுவும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். உள்ளூர் லேபில் செய்யாவிட்டாலும் ரத்தம் எடுத்து வெளியே அனுப்பிப் பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் எங்கிருந்து ஏறுகிறது என்று தேடியே ஆக வேண்டும்.

தட்டில் என்ன வைப்பது

காலைச் சாப்பாடுதான் முதல். அரசுப் பள்ளியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை காலை உணவு வந்தது பெரிய உதவி, 2023 ஆகஸ்ட் முதல் எங்கள் பக்கமும் கிடைக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வயிறு நிறையும். ஆனால் புரதம் கொஞ்சம்தான். ஒரு அவித்த முட்டையோ, ஒரு கை சுண்டலோ, ராத்திரி மிஞ்சிய மீனோ வீட்டில் கொடுத்து அனுப்புங்கள், பதினோரு மணிப் பசி தள்ளிப்போகும். டீயும் பன்னும் மட்டும் வேண்டவே வேண்டாம். "டீ குடிச்சா அடங்கி உட்காருறான்" என்று சிலர் சொல்கிறார்கள். டீயில் உள்ள காஃபீன் கொஞ்சம் விழிப்பைத் தரும், ராத்திரித் தூக்கத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சாப்பாட்டோடு குடித்தால் இரும்பையும் தடுக்கும்.

அப்புறம் மீன். மூளைக்கு நல்லது என்று மாத்திரையில் அடைத்து விற்கிற ஒமேகா-3, மத்தியிலும் சூடையிலும் நெத்திலியிலும் காணாங்கெளுத்தியிலும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் உள்ள சாதாரண 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையின் பின்பக்கத்தைத் திருப்பினால் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று போட்டிருக்கும். இந்த இரண்டும்தான் ஒமேகா-3. ஆக, வேலைக்கு ஆகிற சரக்கு 300 மில்லிகிராம்தான், மிச்சம் வேறு கொழுப்பு. கொழுத்த மத்தி நூறு கிராமில், பருவத்தைப் பொறுத்து, ஒரு கிராம் வரைக்கும் அதற்கு மேலும் கிடைக்கும். மூன்று மாத்திரைக்கு மேலான சமாச்சாரம் ஒரு கிண்ணம் குழம்பில் வந்துவிடுகிறது, கூடவே புரதமும், முள்ளோடு மென்றால் கால்சியமும். இறாலும் கணவாயும் கம்பெனிக்குப் போகட்டும், சூடை வீட்டுக்கு வரட்டும். வாரம் இரண்டு மூன்று முறை, பொரிப்பதை விடக் குழம்பாகவோ அவியலாகவோ. பெரிய சுறாவைப் பிள்ளைக்கு அடிக்கடி கொடுக்க வேண்டாம், மற்ற மீனைத் தின்று வாழும் பெரிய மீனில் பாதரசம் சேரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும். அந்த இரண்டு மாதம் மீன் குறைந்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. முட்டை, பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை போதும். இந்த நாட்களுக்கென்று மாத்திரை வாங்கிச் சேமிக்கிற வேலை வேண்டாம்.

இங்கே சூடு, குளிர்ச்சி என்று ஒரு பெரிய கணக்கு ஓடுகிறது. நண்டு சூடு, இறால் சூடு, முண்டு மிளகாய்க் காரம் சூடு, அதனால் பையனுக்குக் கோபம் வருகிறது. என் மாமியார் நண்டுச் சட்டியைப் பேரன் பக்கமே கொண்டுவர விடமாட்டார். நண்டாலும் மிளகாயாலும் ஏடிஎச்டி கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் வயிறு எரிந்தால் பிள்ளை எரிந்து விழத்தான் செய்யும், ஆகவே காரத்தைக் குறைப்பதில் எனக்கு வழக்கு இல்லை. சண்டை போட வேண்டிய இடம் வேறு. சூடு என்று சொல்லி மீன், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தயிர்ச்சோற்றில் பிள்ளையை வளர்த்தால் இரும்பு எங்கிருந்து வரும்? "அத்தை, நண்டு வேண்டாம், சரி. முட்டையை நிறுத்தாதீங்க" என்று பேரம் பேசி வைத்திருக்கிறேன்.

வெண்டைக்காய் தின்றால் கணக்கு நன்றாக வரும் என்பதும் கதைதான். இருந்தாலும் நல்ல காய், கொடுங்கள்.

கோதுமை நிறுத்து, பால் நிறுத்து என்று வீடியோக்களில் வருவதை வயிற்றுக் கோளாறோ ஒவ்வாமையோ இல்லாத பிள்ளையிடம் முயல வேண்டாம். ஐந்தாறு பண்டத்தை மட்டும் கொடுத்து மற்ற எல்லாவற்றையும் வாரக்கணக்கில் நிறுத்துகிற முறை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் 2011இல் செய்து பார்த்ததில் சில பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது. பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று பெற்றோருக்குத் தெரிந்தே இருந்ததால் அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேள்வி நிற்கிறது. குறுகிய காலப் பலனுக்கே கொஞ்சம் ஆதாரம்தான், நீண்டகாலப் பலனோ கெடுதலோ பற்றி ஆதாரமே இல்லை என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்கிறது பிரிட்டனில் ஏடிஎச்டிக்கான 2018 வழிகாட்டுதல். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கிற நம் பிள்ளைகளிடம் இதைச் செய்யவே கூடாது.

சீனியும் கலரும்

சீனி தின்றால் ஆட்டம் கூடும் என்பதை நம்பாத ஆளே கிடையாது. டீச்சர் நம்புகிறார், டாக்டர்களிலேயே சிலர் நம்புகிறார்கள். 1995இல் அதுவரை நடந்த சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். எது சீனி, எது சீனி இல்லாத இனிப்பு என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியாமல் கொடுத்த சோதனைகள் அவை. நடத்தையிலும் கவனத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இன்னும் சுவாரசியம். என் மகனுக்குச் சீனி ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். பையன்களுக்கு 5 முதல் 7 வயது. எல்லாப் பையன்களுக்கும் சீனி இல்லாத பானம்தான் கொடுத்தார்கள், பாதி அம்மாக்களிடம் மட்டும் நிறையச் சீனி போட்டிருக்கிறோம் என்று பொய் சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் ரொம்ப ஆட்டம் போட்டதாக மதிப்பெண் போட்டார்கள். வீடியோவில் பார்த்தால் அவர்கள்தான் பையனை விடாமல் ஒட்டிக்கொண்டு, குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் கோயில் திருவிழாவில் பிள்ளை ஆடுவதற்கு மிட்டாய் தேவையா? மைக் செட், கூட்டம், தூக்கம் கெட்ட ராத்திரி, இவை போதாதா? சீனியைக் குறையுங்கள், பல்லுக்கும் எடைக்கும் நல்லது. ஏடிஎச்டி அதனால் குறையும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளைச் சீனிக்குப் பதில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் போட்டால் பிள்ளை அமைதியாகும் என்பதும் அப்படித்தான். எங்கள் பனைமரத்துச் சரக்கு எனக்குப் பெருமைதான், ருசியே தனி. ஆனால் அதுவும் சர்க்கரைதான்.

கலர் விஷயத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், சாதாரணப் பிள்ளைகளுக்கே செயற்கை நிறக் கலவையும் சோடியம் பென்சோயேட்டும் கொடுத்துப் பார்த்ததில் துறுதுறுப்பு சிறிதளவு கூடியது. அந்தச் சோதனையில் இருந்த ஆறு நிறங்கள் சேர்த்த பண்டத்தில், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும் என 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் கட்டாயம். நம் நாட்டில் அப்படி வாசகம் கிடையாது. பாக்கெட்டில் 102, 110, 122, 124 என்ற எண்களைத் தேடுங்கள், அந்த ஆறில் நாலு இங்கே புழங்குகிறது. பாதிப்பு சிறியது, எல்லாப் பிள்ளைக்கும் வருவதும் இல்லை. ஆனால் கலர் தண்ணியையும் கலர் அப்பளத்தையும் நிறுத்துவதால் பிள்ளைக்கு எந்தச் சத்தும் குறையப் போவதில்லை. ஆகவே நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. திறந்த வண்டியில் விற்கிற அடர் ரோஸ் பண்டத்தை மட்டும் வேறு காரணத்துக்காக வாங்காதீர்கள். துணிக்குப் போடுகிற ரோடமின் பி சாயம் கண்டுபிடித்துத்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்கள்.

பாட்டில் பாட்டிலாக

மீன் எண்ணெய்: பழைய தொகுப்பாய்வுகளில் சிறு பலன் தெரிந்தது, அதுவும் இபிஏ கூடுதலாக உள்ளதில். மருந்தின் பலனோடு வைத்துப் பார்த்தால் ரொம்பக் குறைவு. 2023இல், ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் குழு மறுபடி எல்லாவற்றையும் பார்த்தபோது, பெற்றோர் கவனிக்கிற அறிகுறிகளில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. மீனே தொடாத வீடு, கையில் காசும் இருக்கிறது என்றால் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாம், கெடுதல் அதிகம் இல்லை. மீன் ஈரல் எண்ணெயை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் வைட்டமின் ஏ நிறைய, அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு.

ஜிங்க்: துருக்கியிலும் ஈரானிலும் செய்த சோதனைகளில் பலன் தெரிந்தது, அமெரிக்காவில் செய்ததில் தெரியவில்லை. குறைபாடு உள்ள இடத்தில்தான் உதவுகிறதோ என்று நினைக்கத் தோன்றுகிறது. வயிற்றுப்போக்குக்குப் 14 நாள் கொடுத்த ஜிங்கை, பசி நன்றாக எடுக்கிறது என்று மாதக்கணக்கில் தொடர்கிற வீடுகள் உண்டு. நிறுத்துங்கள், அதிக ஜிங்க் உடம்பின் செம்பைக் குறைத்து அதுவே ஒரு ரத்தசோகையைக் கொண்டுவரும்.

மக்னீசியம், மல்டி வைட்டமின்: சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

வல்லாரையைத் துவையலாக அரைத்துத் தாராளமாகக் கொடுங்கள், கீரைதானே. நீர்ப்பிரமி மூலிகையில் சின்னச் சின்னச் சோதனைகள் நடந்திருக்கின்றன, ஏடிஎச்டிக்கு மருந்தாக நம்புகிற அளவுக்கு அவை போதாது. எனக்குப் பயம், லேபிளே இல்லாத பொட்டலத்தில். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. கவனம் வரட்டும் என்று கொடுத்து, கவனத்தைக் கெடுக்கிற ஈயத்தையே ஊட்டினால் எப்படி? சித்த மருத்துவம் பார்க்க வேண்டும் என்றால் பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள், அவர் கொடுப்பதை அலோபதி டாக்டரிடமும் காட்டுங்கள்.

மாவு டப்பா: திருப்பிப் பிடித்து, சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது, அந்தப் பெயரில் வைத்து விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனையாளர்களுக்குச் சொன்னது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

கயிறும் வேண்டுதலும்

மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் பேரனைக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா ஏர்வாடி தர்காவில் ஓதிய கயிறு கொண்டுவந்து கட்டினார். இரண்டையும் நான் தடுக்கவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்வது, அதோடு அவர்கள் இரண்டு பேரும் அவனை அடிக்காமல் இருக்கிறார்களே. எனக்கு இருக்கிற நிபந்தனை ஒன்றுதான்: மாத்திரையை நிறுத்து, சாப்பாட்டை நிறுத்து, கட்டிப்போடு, அடி என்று எவர் சொன்னாலும் அங்கே உட்காரக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனதை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. இப்போது அங்கேயே துவாவோடு (பிரார்த்தனை) தவாவும் (மருந்து) என்று மனநல மருத்துவரைப் பார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. பாட்டிமார்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், வாதாடுவதை விட வேலை செய்கிறது.

ஒன்றை மாற்றினால் பலன் உண்டா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கலரை நிறுத்துகிற வாரமே மீன் எண்ணெயையும் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. டீச்சரிடம் ஒரு சின்ன நோட்டு கொடுங்கள். இடத்தை விட்டு எழுந்தது, வேலையை முடிக்காதது, சண்டை, இந்த மூன்றுக்கும் தினம் 0 முதல் 3 வரை ஒரு எண் போட்டால் போதும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அப்புறம் மாற்றுங்கள், என்ன மாற்றினீர்கள் என்று டீச்சரிடம் சொல்லாதீர்கள். சீனிச் சோதனையில் அம்மாக்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்கட்டும், நம் கண்ணே நம்மை ஏமாற்றும். கலர் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும், மீன் எண்ணெய்க்கு மூன்று மாதம் வேண்டும். பிறகு பழையபடி விட்டுப் பார்த்து, மறுபடி மோசமானால் மட்டும் நம்புங்கள்.

பரீட்சை நேரத்திலும் தடைக்காலத்திலும் இதைத் தொடங்காதீர்கள். அப்பா இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாமே மாறிவிடும். எங்கள் வீட்டில் அது சேட்டை குறைகிற காலம், சில வீட்டில் கூடுகிற காலம்.

மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையின் சாப்பாடு

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை அப்புறம். அதற்கு மேல் டாக்டர் மெத்தில்ஃபெனிடேட் எழுதினால், பயந்து நிறுத்திவிட்டு டானிக்குக்குத் திரும்பாதீர்கள். இதுவரை உள்ளவற்றில் நன்றாகச் சோதித்துப் பார்த்தது அதுதான். ஆனால் பசியைக் குறைக்கும். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். என் பையன் சத்துணவு முட்டையைச் சட்டைப் பையில் வைத்து நசுக்கிக்கொண்டு வருவான்.

அதனால் நேரத்தை மாற்றிவிட்டேன். காலையில் முதலில் சாப்பாடு, பிறகுதான் மாத்திரை. அந்த வேளையில் இரண்டு முட்டை, நெய் விட்ட தோசை, பால் என்று கொஞ்சம் கனமாக. மதியம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு, வற்புறுத்துவதில்லை. சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு மாத்திரையின் வேகம் இறங்கியதும் பசி திரும்பும். அப்போது பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடாமல் மீன் குழம்பும் சோறும் வைத்துவிடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் வாழைப்பழமோ கடலை உருண்டையோ. மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் போகும், காலையில் மறந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அடோமாக்சிடின் என்ற மற்ற மருந்து என்றால் வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். எடை ஏறவே இல்லை என்றால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்கள்.

கடைசியாக, கடைக்காரியாக ஒன்று. மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணை மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும், எங்களைப் போன்ற கடையில் கேட்டுப் பயனில்லை. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒன்றைக் கடையில் வாங்கி இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். எனவே மாத்திரை தீர்ந்தபின் ஓடாமல், பத்து நாள் இருக்கும்போதே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றினால் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போவது எந்த நாளும் நின்றுபோகலாம், அந்த இரண்டு மாதம் இன்னும் கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள்.